ஆட்டுக்கொட்டிலுக்கு மட்டும் சரிவாற கல்லோ? பிரதேச சபைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பிரதேச சபைத் தவிசாளர்மாருக்கும் உறுப்பினர்மாருக்கும், முக்கியமா எஸ்ரிமேற் எழுதுற ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஐயாமாருக்கும் வணக்கம்.

நான் ஒரு மேசன். முப்பது வருசத்துக்கு மேல கரண்டி பிடிச்ச கை, போனில எழுதிறன், பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. வீட்டுச் சுவருக்கு மண்கல்லையும், ஒழுங்கைக்குத் தண்ணி இறங்கிற கல்லையும் பாவிக்க வழி விடுங்கோ எண்டு கேக்கத்தான் இந்த மடல்.

போன மாசம் வலிகாமத்தில நடுவில முத்தம் வைச்ச ஒரு பழைய நாற்சார் வீட்டின்ர பின்பக்கம் இடிக்கிற வேலை வந்தது. சுண்ணாம்புச் சாந்தில கட்டின கல்லுச் சுவர். அலவாங்கால கிளப்பக் கல்லு முழுசு முழுசாக் கழண்டு வருது, சாந்தைத் தட்டிப்போட்டு அதே கல்லை மதிலுக்கு வைச்சம். பக்கத்தில பிறகு சீமெந்தில கட்டின குசினியும் இடிச்சம், ஒரு கல்லு உருப்படியா வரேல்லை, மூண்டு லோட் இடிசல், கொட்ட இடமில்லாமல் ரக்ரர்காரனோட சண்டை. அண்டைக்குத் தொடங்கின யோசினைதான் இது.

இப்ப ஒரு வீடு கட்ட எங்களிட்ட என்ன கிடக்கு சொல்லுங்கோ? கருங்கல் வவுனியாப் பக்கமிருந்து வரோணும், மணல் வன்னியில இருந்து வரோணும், விலை ஏற ஏற ராவில மணல்காடு எண்ட கடற்கரை ஊர்ப்பக்கம் கள்ள மணல் அள்ளுறாங்கள். அந்த மணல் கும்பியள்தான் கடலை மறிச்சுக்கொண்டு நிக்குது, மழைத்தண்ணியையும் பிடிச்சு வைக்குது, அது போனாக் கிணறு உவர் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காங்கேசன்துறையில 1950ல தொடங்கி 1990 மட்டும் ஓடின சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டின கிடங்கு இன்னும் வாய் பிளந்துகொண்டு கிடக்கு. உலகத்துக் காபன் புகையில 100க்கு 7, 8 பங்கு சீமெந்தாலதான் வருதாம். சீமெந்தே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, அத்திவாரமும் பீமும் அதில்லாமல் ஏலாது, என்ர சோறும் அதிலதான். ஆனா ஒரு அறைச் சுவருக்கும் கக்கூசுச் சுவருக்கும் அவ்வளவு பலம் என்னத்துக்கு?

அமத்தி எடுக்கிற மண்கல் எண்டு ஒண்டு இருக்கு. மண்ணில 100க்கு 5 பங்கு மட்டில சீமெந்து கலந்து, லேசா ஈரமாக்கி, கைமிசினில அமத்தினாச் சரி, சூளையும் இல்லை விறகும் இல்லை, நாலு கிழமை ஈரம் காயாமல் மூடி வைக்கோணும், அவ்வளவுதான். பாண்டிச்சேரிக்குக் கிட்ட ஓரோவில்லில இதால மாடியே கட்டி வைச்சிருக்கினம். எங்கட நாட்டிலயும் எஸ்.எல்.எஸ். 1382 எண்டு இதுக்கு இலங்கைத் தரம் 2009ல வந்திட்டுது. மண் சரியோ எண்டு பாக்க ஒரு போத்தில் காணும், மண்ணும் தண்ணியும் விட்டுக் குலுக்கி வைச்சா மணல் கீழ, களி மேல எண்டு தானாப் பிரியும், பாதிக்குக் கிட்ட மணலும் அஞ்சில ஒரு பங்கு களியும் இருந்தா நல்லது. ஆனா ஒண்டு, வெங்காயம் விளையிற செம்மண் தோட்டத்தைக் கிண்டிக் கல் அரியிற வேலைக்கு நான் வரமாட்டன். குளம் ஆழமாக்கேக்க ஏத்துற மண்ணில கல்தூளைக் கலந்து பாருங்கோ.

2019ல வீட்டுத்திட்டக் காசு கிடைச்ச ஒரு அக்காவுக்கு இந்தக் கல்லில கட்டுவம் எண்டு அறுநூறு கல் அரிஞ்சம். வந்து பாத்த உத்தியோகத்தர் கல்லைத் தொட்டுக்கூடப் பாக்கேல்லை. எஸ்ரிமேற்றுக்குப் பாவிக்கிற அரசாங்க விலைப்பட்டியல்ல இப்பிடி ஒரு ஐற்றம் இல்லை, இதில கட்டினா அடுத்த கட்டக் காசு விடேலாது எண்டிட்டார். அவரையும் குறை சொல்லேலாது, பேப்பர்ல இல்லாததுக்கு அவர் கையெழுத்து வைச்சா நாளைக்கு ஓடிற்றில பிடிபடுறது அவர்தான். அக்கா கடன் வாங்கிச் சீமெந்துக்கல்லே எடுத்தா. அறுநூறு கல்லும் ஆட்டுக்கொட்டில் ஆச்சு.

அதால நான் கேக்கிறது இதுதான். அந்தக் கல்லை எப்பிடியாவது விலைப்பட்டியல்ல ஏத்துவியுங்கோ, உங்களால நேர ஏலாட்டி மாகாணத்துக்கு எழுதுங்கோ, பிறகு சபைக் காசில ஒரு வாசிகசாலையோ பஸ் நிலையமோ கட்டிக் காட்டுங்கோ, சனம் கண்ணால கண்டாத்தான் நம்பும். மற்றது ஒழுங்கையள். வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத ஊர், ஐப்பசி தொடக்கம் மார்கழி மட்டும் பெய்யிறது நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கினாத்தான் கிணத்தில தண்ணி, நீங்கள் என்னெண்டா வேலிக்கு வேலி கொங்கிறீற் போட்டு மூடுறியள், வெள்ளம் ஆற்றையோ முத்தத்துக்குள்ள போகுது. சைக்கிளும் ஓட்டோவும் போற ஒழுங்கைக்கு இடிசலை உடைச்சுக் கீழ பரவி மேல ஒண்டோட ஒண்டு கொழுவுற இன்ரர்லொக் கல்லை நீக்கல் விட்டுப் பதிச்சாத் தண்ணி இறங்கும், பைப் போட வெட்டினாலும் கல்லைக் கழட்டித் திருப்பி வைக்கலாம், என்ர மூண்டு லோட் இடிசலுக்கும் ஒரு வழி பிறக்கும்.

2020 மார்கழி புரெவிப் புயல் வெள்ளம் அந்த ஆட்டுக்கொட்டிலுக்குள்ளயும் ரெண்டு நாள் நிண்டது. அடிவரிசை சுண்ணாம்புக் கல்லில வைச்சனான், மேல மண்கல், ஒரு வெடிப்பு இல்லை. ரி.ஓ. ஐயாமார் ஆராவது வந்தாக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன், ஆணி அடிச்சுப் பாருங்கோ, அளந்து பாருங்கோ. கிடாய் ஒண்டு முட்டும், அதை மட்டும் கவனம்.

இப்படிக்கு,
வடமராட்சியில இருந்து ஒரு மேசன்