அதே ஜனவரி 26

அன்புள்ள செந்தில்,

நேற்று வீடியோவில் "லாங் வீக்கெண்ட்மா, பீச்சுக்குப் போறோம்" என்று நீ சொன்னதும், இங்கே குடியரசு தினம், அங்கே ஆஸ்திரேலிய தினம், ஒரே நாளில் லீவு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் ஜனவரி 26 அன்று கொடிக்குள் ரோஜா இதழ் வைத்துக் கட்டியவள் நான். ஒரு தடவை முடிச்சு அவிழாமல் பியூன் கம்பத்தில் ஏறினாரே, நினைவிருக்கிறதா?

அங்கே பழங்குடி மக்கள் இதே நாளைத் துக்க நாள் என்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1938 ஜனவரி 26-ல், வெள்ளைக்காரர்கள் சிட்னியில் இறங்கி 150 வருஷம் ஆனதைக் கொண்டாடினார்கள். அந்தக் காட்சியை நடித்துக்காட்ட மெனிண்டி, பிரூவாரினா பக்கமிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடி ஆண்களைக் கூட்டிவந்து, சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் போலீஸ் குதிரை லாயத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். நகரத்தில் இருந்த அவர்களுடைய தலைவர்களோடு பேசிவிடக் கூடாதாம். வெள்ளைக்காரனைக் கண்டு ஓடுவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேஷம்.

அதே நாளில்தான் பழங்குடித் தலைவர்களான ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன், மெல்பர்னிலிருந்து வந்த பெரியவர் வில்லியம் கூப்பர் எல்லோரும் துக்கக் கூட்டம் நடத்தினார்கள். டவுன் ஹால் கிடைக்கவில்லை. எலிசபெத் தெருவில் ஆஸ்திரேலியன் ஹால் கிடைத்தது. ஆனால் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கொண்டாட்ட ஊர்வலம் போய் முடியும்வரை காத்திருந்து, கறுப்பு உடையில் பேச்சில்லாமல் நடந்து போனார்கள். சுமார் நூறு பேர். முழுக் குடியுரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள்.

கூப்பர் வருஷக்கணக்காக 1,814 கையெழுத்து சேர்த்து, இங்கிலாந்து ராஜாவுக்கு ஒரு மனு எழுதி, முந்தின வருஷம்தான் அரசாங்கத்திடம் கொடுத்திருந்தார். அது ராஜாவிடம் போய்ச் சேரவேயில்லை.

மனுவை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிடலாம். துக்கத்தை என்ன செய்வது? தாத்தா இறந்த அன்று எதிர்வீட்டில் வளைகாப்பு. யாரும் போய்ச் சொல்லவில்லை, அவர்களே மைக் செட்டை அணைத்துவிட்டார்கள். எழவு விழுந்த தெருவில் கல்யாண மேளமும் அடக்கித்தான் வாசிக்கும். அந்த மரியாதையைத்தான் இவர்கள் ஒரு நாட்டிடமே கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கெட்டிக்காரர்கள்.

அப்புறம் 1940 முதல் 1955 வரை, ஆஸ்திரேலிய தினத்துக்கு முந்தின ஞாயிறன்று சர்ச்சுகளில் இந்தத் துக்க நாளை அனுசரித்தார்கள். பிறகு ஜூலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஜனவரி 26-ஐ அவர்கள் விடவில்லை. 1972-ல் அதே தேதியில் நாலு பேர் கான்பெரா நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு பீச் குடையை நட்டு, 'தூதரகம்' என்று எழுதி வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சொந்த மண்ணில் தூதரகம்!

பீச்சுக்குப் போகாதே என்று சொல்லவில்லை, போய்வா. எலிசபெத் தெரு உன் ஆபீஸ் பக்கம்தானே? அந்த ஹால் இன்னும் இருக்கிறது. ஒரு மத்தியானம் அதைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார். போட்டோ எடுத்தால் எனக்கும் அனுப்பு.

நார்த்தங்காய் காய்கிறது. அடுத்த மாதம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா