சர்க்கரை நோயாளி அட்டையில் கண்ணுக்கும் ஒரு கட்டம்

ஐயா,

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிய செய்தியைப் படித்தேன். 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரிய காரியம்தான். ஆனால், சர்க்கரை நோய் கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆரம்பத்தில் வலியோ மங்கலோ இருக்காது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டியதையே கண் பரிசோதனை என்று நம்புகிறார் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது வேறு. அந்த மருந்தை விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அன்றைய கூலி போகும் என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு, நியாயமான தயக்கம்தான்.

மாத்திரை தரும் ஊழியரே நோயாளியின் அட்டையில் ஆண்டுக்கொரு விழித்திரைப் பரிசோதனைத் தேதியையும் குறித்துத் தரலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா வைத்தால் பலருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படாது.

- வாசகர், தருமபுரி