கூட்டத்தின் முகவரியோடு நிறுத்திவிடாதீர்கள்: குடிநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், எந்த மாத்திரையை எந்த வேளையில் உண்ண வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் பொறுமையாக விளக்குகிறீர்கள். ஆனால் சீட்டின் கடைசி வரியான "பக்கத்தில் நடக்கும் ஆதரவுக் குழுக் கூட்டத்துக்குச் செல்லவும்" என்பதை மட்டும், நோயாளி நாற்காலியை விட்டு எழும்போது போகிற போக்கில் சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

எனக்கும் அப்படி ஒரு சீட்டு கிடைத்தது. அதில் முகவரியும் கிழமையும் நேரமும் சரியாகவே இருந்தன. தொடர்ந்து மூன்று வாரம் அந்தக் கட்டடத்தின் எதிர்ப்புறம் வரை போய், உள்ளே செல்பவர்களை எண்ணிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன். தெரிந்தவர் யாராவது இருந்தால் என்ன செய்வது, எழுந்து நின்று பேசச் சொல்வார்களோ, முழுப்பெயரைக் கேட்பார்களோ, பணம் கட்டச் சொல்வார்களோ என்று ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய காரணம் கிடைத்தது. நான்காவது வாரம் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அன்று அவர்கள் என்னைப் பேசச் சொல்லவில்லை. கதவுக்கு அருகில் உட்கார இடம் கொடுத்தார்கள். இழந்த அந்த மூன்று வாரத்தில் என் குடும்பம் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை.

என் அச்சங்களுக்கெல்லாம் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. குழுக்களில் சேருவதற்குக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி, கட்டணம் கிடையாது, முழுப்பெயர் தேவையில்லை, பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தால் அவதிப்படுபவர்களுக்கு மட்டும் என்ற வேறுபாட்டையும் முன்கூட்டியே சொன்னால், மனைவியையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துவந்து வாசலில் சங்கடப்படும் நிலை வராது. அந்தக் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் குழுக்கள் தனியாக இயங்குகின்றன என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஏ.ஏ. கூட்டங்களில் வரும் கடவுளைப் பற்றிய பேச்சு ஒவ்வாதவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற குழுக்கள் உண்டு. முதலில் போன கூட்டம் ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பார்க்கலாம் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

சொல்வதோடு நிறுத்தாமல் ஒருபடி மேலே போக வேண்டும் என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. 1981இல் வெளிவந்த, சிஸன், மல்லம்ஸ் ஆகியோரின் சிறிய ஆய்வில் 20 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு, ஆலோசகர் அவர்களை எதிரில் வைத்துக்கொண்டே குழு உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வைத்து, அவரோடு சேர்ந்து கூட்டத்துக்குப் போகவும் ஏற்பாடு செய்தார். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டாம் பிரிவில் அனைவரும் போனார்கள். அது மிகச் சிறிய ஆய்வு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கியது. நோயாளியை ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவற்றைவிட நல்ல பலன் தந்ததாக அது கண்டது.

ஏ.ஏ. பிறந்ததே ஒரு தொலைபேசி அழைப்பில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தொழில் தோல்வியுற்று மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சி விடுதிக்கூடத்தில் நின்றிருந்த பில் வில்சன், தேவாலயம் ஒன்றுக்குத் தொலைபேசி செய்து, தன்னோடு பேச இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். அந்தத் தேடல்தான், பிறகு அவரோடு சேர்ந்து ஏ.ஏ.வைத் தொடங்கிய டாக்டர் பாப் ஸ்மித்திடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்மித்தும் உங்களைப் போல ஒரு மருத்துவர்.

எங்களுக்கு மருத்துவம் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கை நடுக்கத்தோடும் வியர்வையோடும் எங்கள் கூட்டத்துக்கு வரும் புதியவரை உங்களிடம்தான் அழைத்து வருகிறோம். கையில் உங்கள் முகவரியைக் கொடுத்து நாங்கள் அவரை அனுப்புவதில்லை. எங்களில் ஒருவர் கூடவே வந்து, சீட்டுப் பதியும் வரை நிற்கிறார்.

நாங்கள் கேட்பதும் அதே அளவுதான். அருகிலுள்ள குழுக்களோடு பேசி, புதியவரைக் கூட்டிப்போக முன்வரும் ஆண்கள், பெண்கள் சிலரின் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டங்களின் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைச் சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை வருவது அரிது. முடிந்தால், நோயாளி உங்கள் பராமரிப்பில் இருக்கும்போதே முதல் கூட்டத்துக்குப் போய்வரட்டும். முடியாவிட்டால், அவர் விடைபெறும் முன், உங்கள் அறையிலிருந்தே எங்களில் ஒருவரை அழைத்து, தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் சொல்லாத ஒரு குடிநோயாளி