தனி அடுப்பு இல்லாதவர்கள்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மகள் காரைக்குடி வந்திறங்கிய அன்றே நீ அனுப்பிய நான்கு அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொகுப்புகளையும் வீட்டில் கொடுத்துவிட்டாள். நன்றி சொன்னால் நீ திட்டுவாய், அதனால் சொல்லவில்லை. இங்கே செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பங்காளிகள் சேர்ந்து முகப்பு ஓட்டை மாற்றுவதாகப் பேசினார்கள், பேச்சோடு நிற்கிறது. ஐயா கணக்கெழுதிய சாய்வு மேசையைப் பட்டாலையில் இழுத்துப்போட்டு, மத்தியானம் முழுக்க அதில் விரித்துவைத்துப் படிக்கிறேன். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காதே.

எக்ஸ்-மென் தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன். உன் அம்மான் பினாங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒற்றை இதழ்கள் நினைவிருக்கிறதா? 'தொடரும்' என்று முடியும். தொடர்ச்சி நம் கைக்கு வரவே வராது. இப்போது எல்லாம் வரிசையாக இருக்கிறது. 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் தொடங்கிய தொடர், விற்பனை படுத்து, 1970-க்கு மேல் பழைய கதைகளையே மறுபதிப்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. 1975-ல் லென் வீன் எழுத, டேவ் காக்ரம் வரைய, புது அணி வந்தது: கனடாவின் வுல்வரின், ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்டோர்ம், ஜெர்மன்காரன் நைட்கிராலர், ரஷ்ய விவசாயி வீட்டுப் பையன் கொலாசஸ். உடனே கிறிஸ் கிளேர்மான்ட் பேனாவை வாங்கினார். 1991 வரை விடவில்லை.

சேர்ந்த சூட்டோடு, 95-ஆம் இதழிலேயே அந்தப் புது அணியின் தண்டர்பேர்ட் செத்துப்போகிறான். அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ அனுப்பிய இன்னொரு தொகுப்பு, அவெஞ்சர்ஸ், அதில் இப்படி நடக்குமா?

நடக்காது. ஏன் என்று உனக்கு நம் ஊர்க் கணக்கில் சொல்லிவிடலாம். மகனுக்குக் கல்யாணமானதும் தனிச் சமையலாக வேறு வைத்துவிடுகிறோமே, வீட்டு வளவு ஒன்று, அடுப்பு வேறு, அதுதான் அவெஞ்சர்ஸ். தோர், அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா எல்லாருக்கும் தனித்தனித் தொடர் உண்டு. காதல், சாவு, கடன் எல்லாம் அவரவர் அடுப்படியில் நடக்கும். வளவுக்கு வருவது விசேஷத்துக்குத்தான். வந்து சண்டை போட்டுவிட்டு, வந்தபடியே திரும்பிப் போவார்கள். ஸ்டான் லீக்கே இது சிக்கலாகத்தான் இருந்திருக்கும். 1965-ல், 16-ஆம் இதழில், பெரிய தலைகளை மொத்தமாக வெளியே அனுப்பிவிட்டார். கேப்டன் மட்டும் மிச்சம். கூடவே ஹாக்ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச், மூவருமே முன்னாள் எதிரிகள். அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். கேப்டனும் ஹாக்ஐயும் தலைமைக்கு அடித்துக்கொள்வதில் இருக்கிற உயிர், தோரின் சுத்தியலில் இல்லை. பின்னால் ராய் தாமஸ் எழுதிய காலத்திலும் பார், மனத்தில் நிற்பது விஷனும் ஸ்கார்லெட் விட்சும்தான். இருவருக்கும் அப்போது தனி இதழ் கிடையாது.

எக்ஸ்-மென்னில் யாருக்கும் தனி அடுப்பு இல்லை. வுல்வரினுக்கே 1982 வரை தனிக் கதை வரவில்லை. அதனால் எல்லாருடைய பாடும் அந்த ஒரே இதழில். யாரை வேண்டுமானாலும் கொல்லலாம், மாற்றலாம். அணியின் பழைய ஆள் ஜீன் கிரேயை மாற்றியதைப் பார். ஜேசன் விங்கார்ட் என்ற ஆள் அவள் மனத்துக்குள் நுழைவதை கிளேர்மான்ட் பல இதழ்களுக்கு முன்பே ஒரு பக்கம், அரைப் பக்கமாக விதைத்துக்கொண்டே வருகிறார். மாதம் ஒன்று படித்தவன் மறந்திருப்பான். சேர்த்துப் படிக்கும்போதுதான் இழை தெரிகிறது. 135-ஆம் இதழில் அவள் ஒரு நட்சத்திரத்தையே விழுங்க, அதைச் சுற்றிய கிரகத்தில் 500 கோடிப் பேர் போய்விடுகிறார்கள். முதலில் அவளைச் சக்தி இழந்து வாழவிடுவதாகத்தான் முடிவு வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், இத்தனை பேரைக் கொன்றவளைச் சும்மா விட முடியாது என்று நிற்க, 137-ல் அவள் சாகிறாள். இந்த ஒரு விஷயத்தில் நான் ஷூட்டர் கட்சி. அந்தப் பழைய முடிவை 1984-ல் தனியாகவே வெளியிட்டார்கள். படித்தால் சப்பென்று இருக்கிறது.

ஒரு கட்டம் மட்டும் சொல்கிறேன். 132-ஆம் இதழின் கடைசி. எல்லாரும் பிடிபட்டாயிற்று. கீழே சாக்கடைக்குள், தண்ணீரிலிருந்து வுல்வரின் தலை தூக்குகிறான். வரைந்த ஜான் பைர்ன், அவன் முகத்தில் பாதியை இருட்டுக்கே கொடுத்துவிட்டார். நீங்கள் அடித்தாயிற்று, இனி என் முறை என்கிற பார்வை. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

குறைகளும் உண்டு. முதல் தொகுப்பு 131-ஆம் இதழோடு முடிகிறது, கதையின் நட்டநடுவில்! இரண்டையும் சேர்த்து அனுப்பினாயே, பிழைத்தேன். அப்புறம் இந்த வழவழத் தாள். மட்டமான தாளுக்கென்று போட்ட வண்ணம் இதில் கண்ணைக் குத்துகிறது. ஒவ்வொரு இதழிலும் கொலாசஸ் தன் உடம்பு இரும்பாகிற கதையைத் தானே விளக்குவது இன்னொரு தொல்லை. புதிதாக வாங்குகிறவனுக்காகச் செய்தது, சரி. சேர்த்துப் படிக்கிறவனுக்கு அறுவை. ராத்திரிக்கு இரண்டு இதழுக்கு மேல் போகாதே.

டீன் டைட்டன்ஸ் பற்றிச் சுருக்கமாக. மார்வ் வுல்ஃப்மன் கதை, ஜார்ஜ் பெரஸ் படம், 1980-ல் தொடக்கம். டெர்ரா என்ற சின்னப் பெண்ணை அணிக்குள் சேர்த்து, எல்லாரையும் நம்பவைத்து, அவள் முதலிலிருந்தே துரோகி என்கிறார்கள். கடைசிவரை மனம் மாறவும் இல்லை. சிவகாசிப் புத்தகங்களில் இரும்புக்கை மாயாவி தனியாளாக உலகத்தைக் காப்பாற்றியதைப் படித்து வளர்ந்த நமக்கு, கூட இருக்கிறவனே குழி பறிக்கிற கதை புதிதுதான். பேட்மேனின் சிஷ்யன் ராபின் பழைய உடையைக் கழற்றி நைட்விங் ஆவதும் அங்கேதான், 1984-ல்.

அடுத்து வாங்குவதாக இருந்தால், 1986-க்குப் பிந்திய எக்ஸ்-மென் வேண்டாம். செத்த ஜீனை எழுப்பி எக்ஸ்-ஃபாக்டர் என்று புது இதழில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கேயும் வேறு வைத்தாயிற்று! ஒரு கதைக்கு நாலு தொடரை வாங்க வேண்டும். அதற்குப் பதில் கிஃபனும் டிமாட்டெய்ஸும் 1987-ல் எழுதத் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக்கைத் தேடு. சூப்பர்மேன் கிடையாது, இரண்டாம் வரிசை ஆட்களை வைத்து ஒரே கேலி. பேட்மேன் ஒரே குத்தில் ஒருவனைச் சாய்க்கிற பக்கத்தை உன் பேரனுக்குக் காட்டு, சிரிப்பான்.

பிள்ளையார் நோன்புக்கு வருகிறாயா இல்லையா? டிக்கெட் போட்டதும் சொல். மாடி அறையைக் கூட்டிவைக்க ஆள் சொல்ல வேண்டும், இப்போதெல்லாம் ஒரு வாரம் முன்னால் சொன்னால்தான் வருகிறார்கள்.

அன்புடன்,
மெ.