பிளாஸ்கும் தெரியாதா ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வர் கணினிகளைக் குவித்து வைக்கும் தரவு மையங்களை விண்ணில் நிறுவுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "விண்வெளி இயல்பாகவே கடுங்குளிர் என்பதால் குளிரூட்டும் செலவே இருக்காது" என்று ஒரு வரி. சர்வர் அறைகளின் குளிரூட்டும் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். அந்த வரியைத் தாண்ட முடியாமல் இதழை மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

சூடு ஆறாமல் வைத்திருக்கும் பிளாஸ்கின் இரட்டைச் சுவருக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தான். தாங்கள் அறியாததல்ல. வெப்பத்தைச் சுமந்துபோக அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. கதிர்வீச்சாக வெளியேறினால்தான் உண்டு. 27 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 460 வாட்டுக்கு மேல் வெளிவிடாது. அதுவும் வெயில் படாமல் இருந்தால். தகட்டை இன்னும் சூடாக வைத்தால் அதிகம் வெளியேறும், உண்மைதான். ஆனால் தகடு சூடானால் சிப்பும் சூடாகத்தான் இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அம்மோனியாவைச் சுற்றவிட்டு, வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடும் அவ்வளவு பெரிய ரேடியேட்டர் தகடுகளை விரித்து வைத்து வெளியேற்றுவது சுமார் 70 கிலோவாட். இன்று செயற்கை நுண்ணறிவுக்கென்று வரும் ஒரே ஒரு ரேக், அதாவது சர்வர்களை அடுக்கும் ஒற்றை அலமாரி, 120 கிலோவாட் தின்கிறது. விண்ணில் தரவு மையம் அமைக்கும் சன்கேச்சர் திட்டத்தை 2025 நவம்பரில் அறிவித்த கூகுளே, வெப்பத்தைக் கையாள்வது இன்னும் தீராத சவால் என்று எழுதியது. திட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இல்லாத துணிச்சல் தங்கள் கட்டுரையாளருக்கு!

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். மைக்ரோசாஃப்ட் 2018-ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே 864 சர்வர்களை உருளைக்குள் அடைத்துக் கடலில் இறக்கியபோது, "இனி எல்லாம் கடலுக்கடியில்" என்று அட்டைப்படமே போட்டீர்கள். 2020-ல் அதை வெளியே எடுத்தார்கள். கரையில் இருந்தவற்றோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்குதான் பழுது. உள்ளே காற்றுக்குப் பதில் துருவுக்கு இடம் தராத நைட்ரஜன், தட்டிக் கொட்ட ஆளும் இல்லை. நல்ல ஆராய்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் பழுதான ஒன்றை மட்டும் வெளியே எடுத்து மாற்ற வழியில்லை. கடலடி மையங்களை இனி கட்டப் போவதில்லை என்று 2024-ல் அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. அதற்குத் தங்கள் இதழில் ஒரு பத்திகூட வரவில்லை. 2025-ல் நிலவுக்கு ஒரு குட்டித் தரவு மையத்தைச் சுமந்துபோன அதீனா கலம் இறங்கும்போதே சாய்ந்து விழுந்த கதையும் அப்படித்தான். ஏவியபோது இரண்டு பக்கம், விழுந்தபோது மௌனம்.

கடலடி மையம் பற்றி அப்போதே நான் எழுதிய கடிதத்தில், மரியாதைக்காகச் சேர்த்த "கட்டுரை அருமை" என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டு, கீழே இருந்த மறுப்பை முழுக்க வெட்டிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தில் அப்படி எடுத்துப் போட ஒரு வரியும் கிடைக்காது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் சர்வர்களை இறக்கியது. பாறையே குளிர்விக்கும் என்று கணக்கு. முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பாறை சூட்டை வாங்கிக்கொள்ளுமே தவிர, சீக்கிரம் வெளியே கடத்தாது. கொஞ்ச காலத்தில் சுவரைத் தொட்டாலே வெதுவெதுப்பு. அப்புறம் ஈரம், சர்வர்களின் சர்க்யூட் போர்டுகளில் செம்பு அரித்துப் பச்சை பூத்தது. கடைசியில் சில்லர் எனும் குளிரூட்டும் இயந்திரத்தை வாங்கினார்கள். அதன் கம்ப்ரசரைக் குறுகலான சரிவில் கயிறு கட்டி இறக்கியவர்களில் நானும் ஒருவன். திறப்பு விழாவுக்கு வந்த பத்திரிகைக்காரர்கள் அன்றைக்கு யாரையும் காணோம்.

நார்வேயின் லெஃப்டால் சுரங்கத்தில் நன்றாகத்தானே ஓடுகிறது என்பீர்கள். அங்கே குளிர்விப்பது பாறையல்ல, பக்கத்து ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கிடையே உள்நுழைந்த கடற்கழியின், தண்ணீர். ஃபின்லாந்தின் ஹமினாவில் கூகுள் 2009-ல் ஒரு பழைய காகித ஆலையை வாங்கி, ஆலைக்காக முன்பே வெட்டியிருந்த கடல்நீர்ச் சுரங்கத்தைக் குளிரூட்டலுக்குப் பயன்படுத்திக்கொண்டது. சாலை உண்டு, மின்சாரம் உண்டு, பம்ப் நின்றுபோனால் ஸ்பேனரோடு ஆள் போய்ச் சேரலாம். ஆனால் மூடிப்போன காகித ஆலை அட்டைப்படத்துக்கு எடுக்காதே!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கடைசிப் பக்கத்தின் மூலையிலாவது. அதற்கும் இடமில்லை என்றால், இணையப் பதிப்பில் அந்தச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்திருக்கும் பனித்துகள்களையாவது அழித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்
(ஓய்வுபெற்ற குளிரூட்டல் தொழில்நுட்பர்)