காஜா உன் பொறுப்பு

வாணியம்பாடி
ஞாயிறு இரவு

அன்புத் தோழி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் தம்பி சொன்னான், சந்தோஷம். கங்கம்மா ஜாத்திரைக்கு நீ கட்டியிருந்த புடவையையும் போனில் காட்டினான். அந்தக் கிளிப்பச்சை உனக்கு எடுப்பாக இருக்கிறது. ஆந்திராப் பக்கம் குப்பம் ஊருக்குப் போனபிறகு தைரியமாக நிறம் எடுக்கிறாய், நம் பழைய கம்பெனி எட்டாம் நம்பர் மெஷின்காரி பார்த்தால் மயங்கி விழுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அதெல்லாம் ஆகாதுடி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

எனக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது, கஃப்லிங்க்ஸ் வைக்கிற பை. கோட்டுக்காரர்கள் சட்டைக் கை முனையில் பட்டனுக்குப் பதிலாக மாட்டுகிறார்களே, அதுதான். பெங்களூரில் கோட்டு சூட் தைக்கிற கடைக்காரர் ஒருவர் கொடுத்திருக்கிறார். கல்யாண வீடுகளுக்கு அவரே போய் மாப்பிள்ளைக்கு அளவெடுக்கிறார், கையோடு கஃப்லிங்க்ஸும் விற்கிறார். 12 ஜோடி கொள்கிற மாதிரி, தோளில் மாட்டும் பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். போன வீட்டில் மேசைமேல் திறந்து நிறுத்தினால் 12 ஜோடியும் முகம் காட்டி நிற்க வேண்டும். அவரும் அவருடைய ஆட்களுமாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு 40 பை. முதலில் மாதிரிக்கு 5.

இப்போது அவர் வைத்திருப்பது துணிச் சுருள். சுருட்டினால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிறது. நீல எனாமல் போட்ட ஒரு ஜோடியை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் அரிசி நொய் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அதை இனி யாரும் வாங்க மாட்டார்கள். கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றும் இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது.

ஒரு ஜோடியை என்னிடம் விட்டுப்போயிருக்கிறார். ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் முகம். அதிலிருந்து ஒரு கால். கால் நுனியில் தோட்டா மாதிரி ஒரு குறுக்குக் கட்டை. கட்டையை நேராகத் திருப்பினால் காஜாவுக்குள், அதாவது பட்டன் துளைக்குள், நுழையும், குறுக்கே திருப்பினால் கழலாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நான் 1 மில்லிமீட்டர் கனத் தோலில் துளை போட்டு மாட்டிப் பார்த்தேன். மாட்டியது, ஆனால் முகம் தொங்கிப் போய்த் தரையைப் பார்த்தது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டைக் கை முனையில் வரும் இரட்டை மடிப்புக் கஃப்பில் இரண்டு பக்கமும் சேர்த்து நாலு கனம் துணி வருகிறது. அந்தக் கனத்தைப் பிடிக்கத்தான் காலே அத்தனை நீளம். கனம் இல்லாத இடத்தில் அது நிற்காது.

கனத்துக்கு ரப்பர் ஃபோம் வைக்கலாம் என்று பசைக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள், கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நம் தெருவில் கொலுசு எத்தனை சீக்கிரம் கறுத்துப்போகும் என்று நினைத்துப் பார். தோல் பதனிடும் இடத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் முடி உதிர்க்கப் போடும் சல்ஃபைடு வாடைதான் அது, அதிலும் கந்தகம். அம்மா வாராவாரம் திருநீறு போட்டுத் தேய்ப்பாள், நாலு நாளில் மறுபடியும் மங்கிவிடும். பெங்களூர்க்காரருடைய சரக்கில் பாதி வெள்ளி.

அப்புறம் கடைக்காரருக்குக் கறுப்பு வெல்வெட்தான் வேண்டுமாம். கறுப்பில் வெள்ளி எடுத்துக் காட்டும் என்கிறார். உண்மைதான், முதல் மாதம் எடுத்துக் காட்டும். பருத்திக்குக் கறுப்பு ஏற்றப் பெரும்பாலும் கந்தகச் சாயம்தான் போடுகிறார்கள். மூடிய பைக்குள் அதோடு வெள்ளியை ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? கம்பளி ஃபெல்ட்டும் ஆகாது, கம்பளி மயிரிலேயே கந்தகம் இருக்கிறது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். மனுஷர் கேட்டுக்கொண்டார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மூன்று ராத்திரியாகத் தூக்கத்தைக் கெடுத்த யோசனை.

தோல், ஃபோம், வெல்வெட் எதற்கு? கஃப்லிங்க்ஸ் மாட்டுவதற்கென்றே பிறந்தது சட்டைக் கஃப். பைக்குள் கஃப்பையே வைத்துவிடுவோம். நல்ல பருத்தி, வெள்ளை, கஞ்சி போடாமல், நாலு கனத்தில் நீளப் பட்டை. ஒரு பட்டையில் 4 காஜா, அதாவது 2 ஜோடி. ஒரு பக்கத்துக்கு 3 பட்டை. புத்தகம் மாதிரித் திறக்கும் பையில் இரண்டு பக்கம், ஆக 12 ஜோடி. வாங்க வருகிற மாப்பிள்ளை கறுப்பு வெல்வெட்டில் எதைப் பார்க்கப் போகிறான்? தன் கையில் எப்படி இருக்கும் என்றுதானே அவனுக்குத் தெரிய வேண்டும். வெள்ளைக் கஃப்பில் நிற்பதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே முடிவு செய்வான். பட்டையின் இரண்டு முனையும் தோல் சட்டத்துக்குள் செருகிக்கொள்ளும். அழுக்கானால் உருவித் துவைக்கலாம். வெள்ளி எந்த இடத்திலும் தோலைத் தொடாது.

இந்தக் காஜாவை நீதான் எடுக்க வேண்டும்.

"மெஷின் காஜா போட்டுக்கொள்" என்று சொல்லாதே. மெஷினில் முதலில் தையல், பிறகு வெட்டு. வெட்டிய ஓரத்தில் நூல் பிசிறு தலைநீட்டும். சட்டைக்கு அது போதும். இதில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழற்றிக் காட்டி மறுபடி மாட்டுவார்கள்! உன் கைக் காஜா அப்படி இல்லை. முதலில் வெட்டி, ஓரத்தில் நூல் கிடத்தி, ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டு, இரண்டு முனையிலும் கட்டுப் போட்டு எடுப்பாயே, அதுதான் தாங்கும். உன் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் நீ எடுத்த காஜா, சட்டை கிழிந்தபிறகும் அப்படியே இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெஷினை விற்கப் போகிறாயாமே. உன் தம்பி சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ரெடிமேட் வந்தபிறகு குப்பத்தில் யாரும் தைக்கக் கொடுப்பதில்லை என்கிறாய், இங்கேயும் அதே கதைதான். ஆனால் கம்பெனியில் நம்மை வேலையை விட்டு நிறுத்தியபோது என்னை உட்கார வைத்துப் பேசியவள் நீ. "கை இருக்கிறது, கண் இருக்கிறது, யாருடி நமக்கு முதலாளி" என்று ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் கத்தினாய், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் வீட்டில் தோல் வேலைக்கு டேபிள் போட்டேன். இப்போது நீ மெஷினை விற்றால் நான் எங்கே போய்ச் சண்டை போடுவது? இந்த ஆர்டர் முடிகிறவரைக்குமாவது விற்காதே. முடிந்தபிறகு உனக்கே மனசு வராது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளித்தோல் ஆடு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது. குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் மலிவு, மிருது, எல்லாம் சரி. ஆனால் தோல் பதனிடும் கழிவைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் பாலாற்று ஊற்றுநீரை வாயில் வைக்க முடியவில்லையே. பட்டையிலும் கழிவு உண்டு, குரோமியம் இல்லை. என் பெயரில் போகிற சரக்கில் அந்த அளவுக்காவது நான் பார்க்க வேண்டும். ஜிப் கிடையாது, பல் முகத்தைக் கீறும். வார் போட்டுச் செருகும் மூடிதான். பின்பக்கம் குறுக்குக் கட்டைகள் நிற்க ஆழம் வேண்டும். அதனால் மூடினால் பை 5 சென்டிமீட்டர் கனம் வருகிறது, அவர் 4 கேட்கிறார். ஒரு பக்கத்து முகங்கள் எதிர்ப்பக்கத்து இடைவெளியில் விழுகிற மாதிரிக் காஜாக்களை அரை இடம் தள்ளி வைத்தால் கொஞ்சம் குறையும். நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணி மடிப்பு, முகத்தோடு முகம் உரசாமல் இருக்க. ஈரத்துக்கு ஓரப் பாக்கெட்டில் ஒரு சாக்பீஸ்.

சங்கிலி வைத்த ஜோடிகளும் இருக்கின்றன, இரண்டு பக்கமும் முகம், நடுவில் குட்டிச் சங்கிலி. அந்தக் காலத்தில் ஜிப்பாவுக்குத் தங்க பட்டனைச் சங்கிலியில் கோத்துப் போடுவார்களே, அந்த ஜாதி. அதற்கு ஒரு முகமே காஜாவுக்குள் நுழைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பையிலும் ஒரு பட்டைக்கு மட்டும் 20 மில்லி நீளக் காஜா, மற்றதெல்லாம் 12 போதும். பட்டு நூலை உருட்டிக் கட்டிய முடிச்சும் சில வைத்திருக்கிறார். அது பாரீஸில் ஷார்வே என்ற சட்டைக் கடையில் பிறந்ததாம். நூல் என்பதால் அது எதையும் கீறாது, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

காசு பற்றி: காஜாவுக்கு இவ்வளவு என்று நீயே எழுது. "உன்கிட்ட என்னடி காசு" என்று ஆரம்பித்தால் ஆர்டரையே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு பைக்கு 24 காஜா, 40 பைக்கு 960. நாலு கனத்தில் கையால் எடுப்பது எத்தனை நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கடைக்காரரிடம் சொல்லித்தான் விலை பேசியிருக்கிறேன், அவரும் முகம் சுளிக்கவில்லை. மேஸ்திரியின் டீ கணக்கு மாதிரி எழுதாமல் ஒழுங்காக எழுது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உன் தம்பி வருகிற சனிக்கிழமை மறுபடி இங்கே வருகிறானாம். அவனிடம் ஒரே ஒரு பட்டை கொடுத்தனுப்பு, 12 மில்லியில் மூன்று காஜா, 20-இல் ஒன்று. துணி உன்னிடம் இருக்கும் வெள்ளைப் பாப்ளின் போதும், சாயம் போகாத நூலாகப் பார்த்துக்கொள். கடைக்காரர் விட்டுப்போன ஜோடியையும் அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன், காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது. மாட்டிப் பார். முகம் நிமிர்ந்து நிற்கிறதா, கனம் போதுமா, இல்லை அஞ்சாவது கனம் ஒன்று வைக்கலாமா, இதற்கு மட்டும் பதில் எழுது.

உன்
வாணியம்பாடிக்காரி