சின்னம்மாவின் தட்டிலிருந்து சோற்றை எடுக்காதே

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

சீனியையும் சோற்றையும் நிறுத்தினால் புற்றுநோய்க் கட்டி பட்டினியில் சாகும் என்று சொல்லும் காணொளியை நீ அனுப்பிய நாளிலிருந்து, மார்பில் புற்றுநோய் கண்ட சின்னம்மா சோற்றைத் தொடவே தயங்குகிறாள். ஒரு கதலி வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தால், "அக்கா, இதிலும் சீனிதானே, நேரே கட்டிக்குப் போய்விடாதா?" என்று கேட்கிறாள். டொரோண்டோவில் இருந்துகொண்டு அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில்தான் அனுப்பினாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காணொளி பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டது. இத்தனை காலம் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பித்தவள் என்ற உரிமையில் மீதியை நான் எழுதுகிறேன்.

புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை அள்ளிக் குடிக்கின்றன என்பது உண்மை. ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதும் அவை அதை இலற்றிக்கமிலமாக்கி வெளியே விடுகின்றன என்று 1920களிலேயே ஜெர்மனியின் ஒட்டோ வார்பேர்க் கண்டார். கலத்துக்குள் ஒட்சிசனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் இழைமணி (மைட்டோகொன்றியா) பழுதாவதுதான் புற்றுநோயின் மூலம் என்றும் அவர் நம்பினார். அந்த முடிவு நிலைக்கவில்லை. பெரும்பாலான கட்டிகளில் இழைமணி ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் இந்த வீண்செலவு? ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைக்கும் முதற்படியான கிளைக்கோபகுப்போடு நின்றால் ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்குக் கிடைப்பது 2 ஏடிபி, அதாவது கலம் சக்தியாகச் செலவிடும் காசு இரண்டு. இழைமணி வரை போனால் ஏறக்குறைய 30. என் மாணவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. வள்ளம் கட்டுகிறவன் மரம் முழுவதையும் விறகாக எரித்துவிட்டால் பலகைக்கு எங்கே போவான்? பிரிந்து பெருகத் துடிக்கும் கலத்துக்குச் சக்தி மட்டும் போதாது. புதிய மென்சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும், டிஎன்ஏக்கு மூலப்பொருள் வேண்டும். அவற்றுக்கான காபனைக் குளுக்கோசு உடையும் பாதையின் நடுவிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. இப்படிச் செய்யும்படி கட்டளை இடுபவை மாறிப்போன மரபணுக்கள். குளுக்கோசை உள்ளே விடும் வாயில்கள் கலத்தின் மேற்பரப்பில் கூடுவது அவற்றால்தான். வெளியேறும் அமிலமும் சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள இழையத்தை அரித்துக் கட்டி பரவ வழி செய்கிறது, எதிர்த்து வரும் நோயெதிர்ப்புக் கலங்களையும் சோரவைக்கிறது.

சின்னம்மாவுக்குக் கொழும்பில் எடுத்த பெட் ஸ்கேனும் இந்தப் பசியை வைத்துத்தான் வேலை செய்கிறது. வெறும் வயிற்றில் போகச் சொன்னார்கள். முதலில் இரத்தச் சீனியைப் பார்த்துவிட்டு, கதிர்வீசும் புளோரீன் சேர்த்த குளுக்கோசை ஊசியால் ஏற்றி, பேசாமல் அசையாமல் படுக்க வைத்தார்கள். தசை வேலை செய்தால் அதுவும் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். குளுக்கோசு கூடிய இடங்கள் கறுப்பாகத் தெரியும் படம் வந்தபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலை முழுவதும் கன்னங்கரேல் என்று இருந்தது. "மூளைக்கும் போய்விட்டதா அக்கா?" என்றாள். இல்லை. மூளை எப்போதும் குளுக்கோசிலேயே வாழ்கிறது, நல்ல உடம்பிலும் அப்படித்தான் தெரியும். சிறுநீர்ப்பையும் கறுத்திருந்தது, மருந்து அதன் வழியாகவே வெளியேறுகிறது. நோய் இருந்தது மார்பிலும் அக்குளில் ஒரு நிணநீர்க்கணுவிலும் மட்டும்.

இனி அந்தக் காணொளி சொல்லாமல் விட்டது. நாங்கள் சீனியை நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோசு நிற்காது. ஈரல் விடாது. சேமிப்புத் தீர்ந்தால் தசையின் புரதத்தை உடைத்தாவது குளுக்கோசு செய்து கொடுக்கும். கட்டிக்கும் பங்கு கிடைத்துவிடும், குளுக்கோசு போதாவிட்டால் அது குளுட்டமின் என்ற அமினோவமிலத்தையும் கொழுப்பையும் உண்ணப் பழகிக்கொள்ளும். பட்டினி கிடப்பது சின்னம்மா மட்டும்தான். அதோடு, கட்டி வெளியேற்றும் இலற்றிக்கமிலத்தை ஈரல் மறுபடி குளுக்கோசாக்க 6 ஏடிபி செலவாகிறது. 2 பெற்றதற்கு 6 கொடுக்கும் இந்தச் சுற்று, புற்றுநோயாளிகள் இளைத்துப்போவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அவளுடைய சட்டை ஏற்கெனவே தோளில் நிற்பதில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. எடை குறைந்தால் கீமோ மருந்தைத் தாங்க மாட்டாள் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

ஆகவே இங்கே இடியப்பமும் பால்சொதியும் உண்டு, கரைவலை மீன் வந்தால் பாரைக் குழம்பு உண்டு, முட்டை உண்டு. சோடாவும் கேக்கும் வாங்குவதில்லை. அவளுக்குச் சலரோகமும் (நீரிழிவும்) இல்லை. இதற்குமேல் அவளுடைய தட்டைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சீனியைப் பற்றிய கவலை வேண்டியது உனக்குத்தான், மகள். அப்பாவின் பக்கத்தில் எல்லோருக்கும் சலரோகம். உடல் பருத்து, இன்சுலினுக்குக் கலங்கள் செவிசாய்க்காமல் போகும்போது உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. வளரச் சொல்லிக் கலங்களைத் தூண்டும் ஹோர்மோன் அது. இரண்டாம் வகைச் சலரோகம் உள்ளவர்களிடம் ஈரல், கணையம், கருப்பை உட்சுவர், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். இரவு வேலையில் கண்விழிக்க இனிப்புப் பானம் குடிப்பதாகச் சொன்னாயே, அதை நிறுத்து. வேலை முடிந்ததும் கொஞ்சத் தூரம் நட.

சனிக்கிழமை சின்னம்மாவைக் கூப்பிட்டு, அந்தக் காணொளியை மறந்துவிட்டுச் சாப்பிடச் சொல். என்னை விட நீ சொன்னால் கேட்பாள். அடுத்த வாரம் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பார்த்து முடிவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா